ஐந்தாம் போல்ட் முதல் எட்டாம் போல்ட் வரை

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நிஜமாகவே நான்தான் எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை. முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். வரிகள் மேலே ஏறி, கீழே இறங்கி, குடித்தவன் நடை மாதிரி போகும். சில எழுத்துகள் குண்டு, சில நோஞ்சான். பொறுமையாகப் படி. இந்தக் கடிதத்துக்கு நான்கு மாலைகள் ஆகியிருக்கின்றன.

என் உடம்புக்குக் குறைவில்லை. காது மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனிலும் இதைத்தான் கேட்கிறேன். நீ சொல்லும் பதில் காதில் விழுவதில்லை. விழுந்த மாதிரி "சரி சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் ஆறு மாதமாக உனக்குச் சொல்லாமல் மாலை வகுப்புக்குப் போகிறேன். எழுபத்தோரு வயதில் முதல் பெஞ்சு. பக்கத்தில் முடிவெட்டும் கடைக்காரர். அவர் எழுதினால் எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கும். "தலையைச் சாய்ச்சுப் பிடிச்சே பழகிட்டேன், இதுவும் சாயுது" என்கிறார்.

இப்போது தெருவில் இறங்கினால் தெருவே என்னோடு பேசுகிறது. பஸ்ஸின் நெற்றி, கடைப் பலகை, மாத்திரை அட்டை, ஒன்றையும் விடுவதில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் 'இங்கே நிற்காதே' என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருஷமாக அங்கேதான் நின்றிருக்கிறேன்.

நெட்டையனை உனக்குத் தெரியும். பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது தடி ஊன்றி வந்து தினமும் டீக்கடையில் என் எதிரே உட்காருகிறவன். உனக்கு என்ன வேலை என்று அவன் கேட்டான். "வானத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி அனுப்பப் போறாங்க, அதுல என் பொண்ணும் இருக்கா" என்றேன். "மேல போய்த் தூசி படிஞ்சா யாரு துடைப்பா?" என்றான். பதிலை நீ எழுது, படித்துக் காட்டுகிறேன்.

உறையின் மேல் முகவரியும் நான் எழுதியதுதான். மூன்று உறைகள் வீண்.

உன் அப்பா


ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். காதை டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். நம் தெருவின் முகவரி, ஆனால் முன்பின் தெரியாத கையெழுத்து. அப்பாவுக்கு எழுத வராது, அப்படியானால் அப்பாவைப் பற்றி வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். வேலைக்கு நடுவில் வந்தது. உடுப்பு மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். 'குடித்தவன் நடை' என்ற இடத்தில் சிரித்தேன், பிறகு அழுதேன். மூன்று தடவை படித்தேன். நான் இத்தனை நாள் வாங்கிய எதையும்விட அது பெரிது, அப்பா.

நெட்டை மாமாவிடம் சொல்லுங்கள்: யாரும் துடைக்க முடியாது. எங்கள் தொலைநோக்கி போகும் இடம் நிலாவைப் போல நான்கு மடங்கு தூரம். அங்கே ஆள் போக வழியில்லை. அனுப்பினால் அனுப்பியதுதான்.

அது எதற்கென்றால், மிகப் பழைய ஒளியைப் பார்க்க. முதல் நட்சத்திரங்களிலிருந்து கிளம்பிய ஒளி இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது. நடந்து நடந்து களைத்து, கண்ணுக்குத் தெரியாமல் வெறும் சூடாகத்தான் இங்கே வந்து சேருகிறது. அந்தச் சூட்டை உணர வேண்டுமானால் தொலைநோக்கி கடுங்குளிரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் உடம்புச் சூடே அதன் கண்ணை மறைத்துவிடும். அதனால் வெயில் படாமல் ஐந்து அடுக்குக் குடை ஒன்று கூடவே போகிறது. மடித்து அனுப்புகிறோம், அங்கே போய்த் தானே விரிய வேண்டும். தூசி மேகத்துக்குள் நட்சத்திரம் பிறப்பதைப் பார்ப்பது இன்னொரு வேலை. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களில் காற்று இருக்கிறதா, அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று.

நான் அந்தக் குடையை விரிக்கும் கைகளைப் பூட்டும் இடத்தில் இருக்கிறேன். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு. சாதாரணக் காகிதம்கூட உள்ளே வரக் கூடாது, அதிலிருந்து தூசி உதிரும். ஸ்பேனர் அண்ணன் என்று ஒருவர். அவர் போல்ட்டை முறுக்கி, எவ்வளவு இறுக்கம் என்று ஸ்பேனர் காட்டும் எண்ணை உரக்கச் சொல்வார். நான் குனிந்து பார்த்து, அதே எண்ணைத் திருப்பி உரக்கச் சொல்லி, தூசி உதிராத தனித் தாளில் அதற்கான கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். எங்கள் கூடத்தில் என் வேலைக்குப் பெயர் 'சாட்சி'.

அடிக்கடி எழுதுங்கள்.

உங்கள் வாலு


பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

இந்தத் தடவை மூன்றே மாலை. டாக்டர் காதைப் பார்த்தார். பட்டறைச் சத்தம் தின்றது தின்றதுதானாம். மற்றபடி நான் திடமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். ஒளி களைத்துப்போய்ச் சூடாக வருகிறது என்ற இடத்தில் டீச்சர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முடிவெட்டுகிறவர் கைதட்டினார். என் மகளுக்குச் சாட்சி என்று பெயர் என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்டது, பார்த்துக்கொள்.

டீக்கடையில் படித்துக் காட்டியபோது நெட்டையன் மட்டும் சந்தோஷப்படவில்லை. "ஆள் போக முடியாத இடத்துக்கு ஒரு சாமானை அனுப்புறதா? ஒண்ணு கழண்டுச்சுன்னா?" என்றான். அதிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். எங்கள் பட்டறையில் எது பழுதானாலும் ஏணி போட்டு ஏறினோம். ஏறவே முடியாத இடத்தில் ஒரு குடை விரியுமா என்று காத்திருப்பதை நினைத்தால் இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கே பொறுக்கவில்லை. நீ எப்படித் தாங்குகிறாய்?

எங்கள் பட்டறையிலும் கட்டம் போட்ட தாள் உண்டு. சரி, அது பழைய கதை.

எது எதைப் பார்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? எழுது.

உன் அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். ஓர் அட்டவணை இருக்கிறது. முதல் வருஷத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சண்டை போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். ஒரு மணி கேட்டவருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் விருந்து. அதில் நாற்பத்தோரு மணி நேரம் ஒருவருக்கே கிடைத்திருக்கிறது. அறுபத்து மூன்று வயது, எல்லோரும் அவரைப் பெரியம்மா என்கிறோம். அவர் பார்க்கப்போகும் கோள் பதினேழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தன் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே நடக்கும். அப்போது அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வரும் ஒளியில், அங்கே காற்று இருந்தால் தெரிந்துவிடும். அந்த நாள் வரும் டிசம்பரில். பதினான்கு வருஷமாக அந்த நாளுக்காகத் திட்டம் போட்டிருக்கிறார். ராக்கெட் ஜூனில் கிளம்பினால்தான் அங்கே போய், குளிர்ந்து, கண் திறந்து, டிசம்பருக்குத் தயாராகும். ஐந்து வாரம் தள்ளிப்போனாலும் அவருக்கு இல்லை.

போன வாரம் அதிர்வுச் சோதனை. ராக்கெட்டில் குலுங்குவது போலக் குலுக்கிப் பார்ப்பார்கள். எல்லாம் தாங்கியது. குடையின் ஒரு கையில் மட்டும், குலுக்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அதிர்வு எண்ணில் ஒரு மயிரிழை வித்தியாசம். அனுமதித்த அளவுக்குள்தான். யாரும் பயப்படவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படக் காரணமில்லை என்கிறார்கள், பயம் போகவில்லை. பயந்தால் வேலை ஓடாது.

கட்டம் போட்ட தாள் என்று தொடங்கி ஏன் நிறுத்தினீர்கள்?

வாலு


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். அது கிடக்கட்டும். உன் கடிதத்தில் பயம் ஐந்து தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். புதிதாகப் படிக்கக் கற்றவன் ஒரு சொல்லையும் தாண்டிப் போக மாட்டான். மற்றவர்கள் பயப்படவில்லை என்கிறாய். அப்படியானால் அவர்களுக்குத் தெரியாத ஏதோ உனக்குத் தெரிந்திருக்கிறது.

சின்ன வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி வைப்பாய். அம்மா பார்த்ததும் "எது போச்சு?" என்றுதான் கேட்பாள். அவள் இல்லை, நான் கேட்கிறேன். எது போச்சு?

போனில் வேண்டாம், எனக்குக் கேட்காது. எழுது.

உன் அப்பா


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

அந்தக் கையில் எட்டு போல்ட்டுகள். ஜனவரி பதினான்காம் தேதி பூட்டினோம். நான்காவது முடிந்தபோது, கண்ணாடிக்கு வெளியே நின்ற காவலர் எனக்கு ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சைகை காட்டி, உறையைத் தூக்கிப் பிடித்தார். அவசரமான கடிதமோ என்று நினைத்து வெளியே போனேன். சாட்சி வெளியே போனால் வேலை நிற்க வேண்டும் என்பது விதி. "ரெண்டு நிமிஷம்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இருபது நிமிஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது மேல் மூடி ஏறிக்கொண்டிருந்தது. "எட்டும் முடிஞ்சுதும்மா, போட்டுடு" என்றார் அண்ணன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நான்கு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்த எண்கள் இல்லை அவை. அவர் சொன்ன எண்கள்.

அவர் இருபது வருஷமாக அந்த வேலை பார்ப்பவர், தப்பு செய்கிறவர் அல்ல. ஆனால் எண் அசைந்திருப்பது அதே கைதான்.

நான் சொன்னால் மூடியைக் கழற்றி, பிரித்து, பூட்டி, மறுபடியும் குலுக்க வேண்டும். ஒன்பது வாரம். பெரியம்மாவின் டிசம்பர் போய்விடும். என் வேலையும் அண்ணன் வேலையும் என்னவாகும் என்று தெரியாது. சொல்லாமல் விட்டு, அங்கே போய் அந்தக் கை சிக்கிக்கொண்டால் குடை விரியாது. விரியாவிட்டால் ஒன்றுமே தெரியாது, அப்பா. எல்லோருடைய எல்லா மணி நேரமும் போய்விடும், ஏறிப் பார்க்க ஏணி கிடையாது. ஏப்ரல் முதல் வாரம் அதைப் பெட்டியில் வைத்து மூடுகிறார்கள்.

பெரியம்மா தினமும் என் மேசையைத் தாண்டும்போது தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். அந்த நேரம் பார்த்து நான் குனிந்துகொள்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 18

மகளே,

கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். எழுத்து கேவலமாக இருக்கும்.

வாயைத் திறக்காதே. யாரிடமும் சொல்லாதே. அண்ணன் எட்டும் முடிந்தது என்று சொல்லியிருக்கிறார், இருபது வருஷம் கைப்பழக்கம் உள்ளவர், முடித்திருப்பார். எண்ணும் அளவுக்குள்தான் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ போய்ச் சொன்னால் முதலில் உன்னைத்தான் தூக்கி வெளியே போடுவார்கள். உலகத்தில் சொன்னவனைத்தான் பிடிப்பார்கள். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

யார் கடிதம் என்று நீ எழுதவில்லை. ஒன்பதாம் தேதி நான் போட்டது. ஐந்து நாளில் வரும். உடுப்பு மாற்றும் அறை, பெஞ்சு, மூன்று தடவை. அப்போது நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு அதை ஊரெல்லாம் படித்துக் காட்டினேன். எழுதாமலே இருந்திருக்கலாம். எழுபது வருஷம் எழுதாமல்தானே இருந்தேன், யாருக்கு என்ன நஷ்டம்.

உடனே பதில் போடு.

அப்பா


ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு,

பதினாறு நாளாகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்து நிற்கிறேன். "தாத்தா, இருந்தா நானே ஓடி வந்து தருவேன்" என்கிறார். உடம்புக்கு ஏதும் இல்லையே உனக்கு? எனக்குச் சோறு இறங்கவில்லை, மற்றபடி நடமாடுகிறேன்.

போன கடிதத்தில் நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சொல் என்றும் சொல்லவில்லை. ஏன் அப்படி எழுதினேன் என்பதைச் சொல்கிறேன். தாளைப் பற்றி நீ கேட்டாயே, அதுவும் இதில்தான் வருகிறது.

பட்டறையில் சுமை தூக்கும் சங்கிலி என் பொறுப்பு. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்து, தாளில் அந்த நாளுக்கான கட்டத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். மைப்பெட்டி குமாஸ்தாவிடம் இருக்கும். தினமும் நான் போய் நின்றால் மேசையெல்லாம் மை ஆகிறது என்று எரிந்து விழுவார். அதனால் திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் சேர்த்து ஆறு கைநாட்டு வைத்துவிடுவது வழக்கமாயிற்று. நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். கைநாட்டு வைத்த பிறகு பார்ப்பது எதற்கு என்று மெல்ல மெல்லப் பார்ப்பதும் நின்றுபோயிற்று.

ஒரு வியாழக்கிழமை சங்கிலி அறுந்தது. சுமை நெட்டையன் காலில் விழுந்தது. விசாரணை வைத்தார்கள். தாளில் வியாழக்கிழமைக் கட்டத்தில் என் கைநாட்டு பளிச்சென்று இருந்தது. ஆகவே சங்கிலியில் குறையில்லை, நெட்டையன் சுமையைப் பக்கவாட்டில் இழுத்ததால்தான் அறுந்தது என்று எழுதி முடித்தார்கள். அவன் இழுக்கவில்லை. அவன் கை சுமையிலேயே இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நீ அப்போது ஏழாம் வகுப்பு. வேலை போய்விடும் என்று பயம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். இருபத்தாறு வருஷம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தேன்.

நேற்றுக் காலை அவனிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் சங்கிலியைப் பாக்கலடா. திங்கட்கிழமையே கைநாட்டு வச்சுட்டேன்" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தான். எனக்குக் கேட்க வேண்டும் என்று வழக்கமாகக் கத்துவான், நேற்று மெதுவாகப் பேசினான். அவன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"அப்ப நான் இழுக்கல?"

"இழுக்கல."

தடியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "இனிமே இந்தப் பெஞ்சுல உக்காராத" என்றான்.

இன்று நான் கடைப்பக்கம் போகவில்லை. சொன்னால் மனம் லேசாகும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. எனக்கு ஆகவில்லை. விலை இன்னதென்று தெரிந்துகொண்டு எதையும் செய். அதற்காகத்தான் எழுதினேன்.

ஒரு வரி போதும், போடு.

உன் அப்பா


ஏப்ரல் 17

அன்பு மகளுக்கு,

பெட்டியை மூடும் வாரம் போய்விட்டது. நேற்று டீச்சரிடம் எண்ணைக் கொடுத்து உன் ஆபீசுக்குப் போன் போடச் சொன்னேன். நீ இப்போது அந்தக் கூடத்தில் இல்லை என்று மட்டும் சொன்னார்களாம். இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கச் சொன்னேன். அதற்குள் வைத்துவிட்டார்கள்.

முழு நலமென்று எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று எழுது.

அப்பா


ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இருக்கிறேன். உங்களைத் தவிக்க விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை வெளியே யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நேற்றுத்தான் முடிந்தது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

மார்ச் பத்தொன்பதாம் தேதி சொல்லிவிட்டேன். வாயைத் திறக்காதே என்ற உங்கள் கடிதம் நான்கு நாள் கழித்து வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு பயம். அன்று காலையில் பெரியம்மா தலையில் தட்டினார். நான் குனியாமல் நிமிர்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர். "என்னடி?" என்றார். அவரிடமே சொன்னேன். மேலதிகாரியிடம் அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மூடியைக் கழற்றினார்கள். என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்தார்கள். ஐந்து, இறுக்கம். ஆறு, கால் சுற்று சுற்றியது. ஏழும் எட்டும் இறுக்கம். அந்தக் கால் சுற்று மேலே போய் என்ன செய்திருக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். குடை விரியாமலும் போயிருக்கலாம்.

அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னிடம் வந்தார். திட்டுவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "நான் சொல்ற எண்ணைத் திருப்பிச் சொல்ல ஆள் இல்லாம மனசுக்குள்ளயே எண்ணிக்கிட்டேம்மா. ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணிட்டு, ஆறை விட்டுட்டேன் போல" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது வாரம் தள்ளிப்போய்விட்டது. டிசம்பர் போய்விட்டது. இனி அந்தக் கோள் குறுக்கே வரும்போது பெரியம்மாவுக்கு எண்பது வயது.

என்னைக் கூடத்துக்குள் இனி விட மாட்டார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் இரண்டு நாள் வராந்தாவில் நின்றேன். மூன்றாம் நாள் பெரியம்மா அட்டவணைத் தாள்களைக் கொண்டுவந்து ஒரு மேசையில் போட்டார். "எனக்கு உன் மேல கோபம் இருக்கு. அது போயிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா நாப்பத்தோரு மணி நேரம் இப்ப காலியாக் கிடக்கு, யாராவது நிரப்பியாகணும். உக்காரு" என்றார்.

இப்போது நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இடம் கிடைக்காமல் போனவர்களின் மனுக்களைப் படிக்கிறோம். நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். ஒருவருக்கு வேண்டியது வெறும் முப்பத்தைந்து நிமிஷம். நான் படிக்கிறேன், அவர் கேட்கிறார், சில சமயம் ஜன்னலைப் பார்க்கிறார். வேலை தவிர வேறு பேச்சில்லை. தலையில் தட்டுவதில்லை.

அப்பா, அது உங்கள் கடிதம்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று இன்னொரு தடவை எழுதாதீர்கள். இருபது நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்தது நான். அந்த இருபது நிமிஷத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

நெட்டை மாமா பேசினாரா?

உங்கள் வாலு


மே 5

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. இருக்கிறேன் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது சோறு இறங்குகிறது. நீயும் வயிற்றைக் காயப்போடாதே. அந்த அம்மா கோபத்தோடு உட்கார்ந்திருந்தாலும் உன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அது சின்ன விஷயமில்லை. முப்பத்தைந்து நிமிஷக்காரருக்கு இடம் கிடைத்ததா என்று எழுது.

நெட்டையன் நேற்றுப் பேசினான். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வகுப்பு முடிந்து படியிறங்குகிறேன், கீழே தடியோடு நிற்கிறான். அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். முடிவெட்டுகிறவரும் அப்படித்தான் நினைத்தார், என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மூன்று பேருக்கும் சேர்த்து வயது இருநூறு இருக்கும், அடிதடி நடந்திருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

"வீட்ல இன்னும் சொல்லலடா" என்றான். இந்தத் தடவை கத்தித்தான் சொன்னான். "இருபத்தாறு வருஷமா என் பொண்டாட்டி 'ஏன் இழுத்தே, ஏன் இழுத்தே'ன்னு கேக்குறா. மொதல்ல இல்லன்னேன். அப்புறம் எல்லாரும் சொல்றாங்களேன்னு நானே இழுத்திருப்பேன்னு நம்பிட்டேன். இப்ப நான் போய் இழுக்கலன்னு சொன்னா யாரு நம்புவா?"

நான் வந்து சொல்கிறேன் என்றேன்.

"வாயால வேணாம். நீதான் எழுதுறியே, எழுது. எனக்குப் படிக்க வராது, அவளுக்கும் வராது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருப்பாங்க. நீயே வந்து, அவ முன்னாடி நின்னு, எழுதினதைப் படி. படிச்சுட்டுத் தாளை அவ கையில குடு."

போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

ஒன்றேகால் பக்கம் எழுதியிருக்கிறேன். டீச்சர் திருத்தித் தருவதாகச் சொன்னார், காட்டவில்லை. குமாஸ்தா எரிந்து விழுந்தார், எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். எழுதும்போது கை ஓடியது. படித்துப் பார்த்தபோது பிடிக்கவில்லை, இரண்டையும் அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை, அவன் இழுக்கவில்லை, நான் சொல்லவில்லை. இந்த மூன்றும்தான் மிச்சம். அதற்கே ஒன்றேகால் பக்கம் ஆகியிருக்கிறது, என் எழுத்து அவ்வளவு பெரிது.

தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்துப் பார்க்கிறேன். என் காதுக்கு நான் படிப்பது பாதிதான் விழுகிறது. அவர்களுக்கு முழுதாக விழும். நெட்டையன் மனைவி எனக்கு எத்தனையோ நாள் சாப்பாடு போட்டவள். நீ வேலைக்குக் கிளம்பிப் போன வாரம் அவர்கள் வீட்டிலிருந்துதான் எனக்குச் சோறு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாது, தாளைப் பார்த்துத்தான் படிப்பேன். படித்து முடித்ததும் தலையை நிமிர்த்தியாக வேண்டுமே, அதற்குத்தான் பயப்படுகிறேன். ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கிறவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமா?

இன்றைக்குச் செவ்வாய். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன். என்ன நடந்தாலும் எழுதுவேன். முழுதாக எழுத முடியாவிட்டால், அவள் கதவைத் திறந்தாளா இல்லையா என்பதை மட்டுமாவது எழுதுவேன்.

உன் அப்பா